மருத்துவரின் கை நடுங்கும்போது

1935 ஜூன் 10. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், டயர் ஆலைகளுக்குப் பேர்போன ஆக்ரன் நகரம். ராபர்ட் ஸ்மித் என்ற 55 வயது அறுவைசிகிச்சை மருத்துவர் அன்று ஒரு நோயாளிக்கு அறுவை செய்தாக வேண்டும். ஆனால் கை நிற்கவில்லை. சில நாட்களுக்கு முன் அட்லான்டிக் சிட்டியில் நடந்த அமெரிக்க மருத்துவச் சங்க மாநாட்டுக்குப் போனவர், ரயில் ஏறியதுமே குடிக்கத் தொடங்கி, நினைவு தப்பிய நிலையில் ஊர் திரும்பியிருந்தார். அவர் வீட்டில் தங்கியிருந்த பில் வில்சன் அவரைத் தேற்றிக்கொண்டிருந்தார். நியூயார்க் பங்குச் சந்தையில் வேலை பார்த்த வில்சனும் குடிநோயிலிருந்து மீண்டு சில மாதங்களே ஆகியிருந்தன. நடுக்கம் அடங்கட்டும் என்று அவர் ஒரு பாட்டில் பீரைக் கொடுத்தார். ஸ்மித் அதைக் குடித்தார், மருத்துவமனைக்குப் போனார், அறுவையை முடித்தார். அதன்பின் 1950இல் இறக்கும்வரை அவர் மதுவைத் தொடவில்லை. 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அமைப்பு அந்தத் தேதியைத்தான் தன் பிறந்தநாளாகக் கணக்கிடுகிறது.

இதை மன உறுதியின் கதையாகச் சொல்வது வழக்கம். அறிவியல் கேட்கும் கேள்விகள் வேறு. கையை நடுங்கவைத்த அதே பொருள் எப்படி அந்தக் கையை நிறுத்தியது? மது செய்யும் கேட்டை நோயாளிகளின் ஈரலிலும் நரம்பிலும் தினமும் பார்க்கிற ஒருவர் எப்படி அதற்குள் போய் விழுகிறார்? கூடவே வேலை பார்ப்பவர்கள் கண்ணில் அது ஏன் அவ்வளவு தாமதமாகப் படுகிறது? கடந்த 90 ஆண்டுகளில் இவற்றுக்கு நல்ல பதில்கள் கிடைத்திருக்கின்றன. எந்தப் பதிலிலும் 'அவர் பலவீனமான ஆள்' என்பது இல்லை.

நடுக்கம் எங்கிருந்து வருகிறது

மூளையின் நரம்புச் செல்களில் தூண்டலும் அடக்கலும் எப்போதும் சேர்ந்தே நடக்கின்றன. அடக்கும் வேலையை முக்கியமாகச் செய்யும் வேதிப்பொருள் காபா. தூண்டும் வேலையைச் செய்வது குளூட்டமேட். மது காபாவின் விளைவைக் கூட்டுகிறது. குளூட்டமேட்டின் முக்கியமான ஏற்பிகளில் ஒன்றை மந்தப்படுத்துகிறது. முதல் கிளாஸில் தோளின் இறுக்கம் தளர்ந்து கவலை சற்று விலகுவது இதனால்தான்.

மூளை இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை. தராசின் ஒரு தட்டில் தினமும் மாலையில் ஒரே எடை விழுந்தால், முள்ளை நடுவுக்குக் கொண்டுவர மறுதட்டில் எடை சேர்ப்பதுபோல, அது காபா ஏற்பிகளின் உணர்திறனைக் குறைத்துக்கொள்கிறது. குளூட்டமேட் ஏற்பிகளைக் கூட்டிக்கொள்கிறது. மாதங்கள் போகப்போக, முன்பு ஒரு கிளாஸ் தந்த தளர்வுக்கு மூன்று வேண்டியிருக்கிறது. பிறகு ஒருநாள் மது உடலைவிட்டு நீங்கும்போது முதல் தட்டு காலியாகிறது, மறுதட்டின் எடை அப்படியே கிடக்கிறது. முள் தூண்டல் பக்கம் சாய்ந்துவிடுகிறது. கடைசியாகக் குடித்த 6 முதல் 12 மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும். கொஞ்சம் மது உள்ளே போனால் தட்டுகள் மறுபடி சமமாகும். ஸ்மித்தின் கை நின்றதற்கு இதுதான் காரணம். நீண்ட நாள் கடுமையாகக் குடித்தவர்கள் மருத்துவ உதவி இல்லாமல் திடீரென்று நிறுத்தக் கூடாது என்று சொல்வதற்கும் இதுதான் காரணம். சாய்வு கடுமையாக இருந்தால் வலிப்பும் சித்தப் பிரமையும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

தன் குடியைப் பற்றிப் பின்னாளில் எழுதியபோது, இரண்டு பயங்கள் தன்னை ஆட்டிப்படைத்ததாக ஸ்மித் சொன்னார். ஒன்று, சரக்கு தீர்ந்துவிடுமோ என்ற பயம். மற்றது, தூக்கம் வராமல் போய்விடுமோ என்ற பயம். இந்த இரண்டாவது பயத்தைத்தான் நாம் கூர்ந்து பார்க்க வேண்டும்.

காலை எட்டு மணிக்கு கேஷுவாலிட்டியிலிருந்து வெளியே வரும் ஒரு ஹவுஸ் சர்ஜனை எடுத்துக்கொள்வோம். இரவு முழுவதும் கண் அசரவில்லை. மூன்று மணிக்கு வந்த விபத்து கேஸில் ஒருவரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தத் தாயின் கூக்குரல் இன்னும் காதில் இருக்கிறது. உடல் தூக்கத்துக்கு ஏங்குகிறது. ஆனால் வெளியே வெயில் ஏறிவிட்டது. விழிப்புக்கு உதவும் கார்டிசால் ரத்தத்தில் உயர்ந்திருக்கும் நேரம் அது. உள்கடிகாரம் எழுந்திரு என்கிறது. ஊசி போட்ட நேரம் சரியா, இன்னும் ஐந்து நிமிடம் முன்னால் மேல்டாக்டரை அழைத்திருக்கலாமா என்று மனம் கணக்குப் போடுகிறது. ஜன்னலை மூடி இரண்டு பெக் போட்டதும் தூக்கம் வந்துவிடுகிறது. மது தூக்கத்தைக் கொண்டுவருகிறது என்று அவர் நினைப்பதில் தப்பில்லை. முதல் சில மணி நேரத்துக்கு அது உண்மைதான். அந்த நேரத்தில் மது, கனவுகள் வரும் ரெம் தூக்கத்தைக் குறைக்கிறது. ரத்தத்தில் அதன் அளவு இறங்கத் தொடங்கியதும் தூண்டல் மேலெழுகிறது. பதினோரு மணிக்கெல்லாம் வாய் உலர்ந்து, நெஞ்சு அடித்துக்கொண்டு விழிப்பு வந்துவிடும். அரைகுறைத் தூக்கத்தோடு அடுத்த டூட்டிக்குப் போகிறார். அன்றைய களைப்பு அடுத்த நாள் இரண்டு பெக்குக்குக் காரணமாகிறது.

இன்பத்துக்காகத் தொடங்கும் குடி, துன்பத்திலிருந்து தப்பிக்கும் குடியாக மாறும் இடத்தை நரம்பியலாளர் ஜார்ஜ் கூப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். திரும்பத் திரும்பக் குடித்து இறங்கும் மூளையில், அச்சத்தையும் நெருக்கடியையும் கையாளும் அமிக்டலா வட்டாரத்தின் அழுத்தச் சுற்றுகள் ஓயாமல் முடுக்கிவிடப்படுகின்றன. அந்த நிலையில் குடிப்பவர் மகிழ்ச்சியைத் தேடிப் போகவில்லை. சற்று நேரம் சாதாரணமாக இருந்தால் போதும் என்று குடிக்கிறார்.

சோர்வுக்கு ஓர் அளவுகோல்

ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் சிறுவனாக நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி நியூயார்க் வந்தவர். பகலில் சொந்த கிளினிக்கில் வேலை பார்த்துவிட்டு, இரவில் போதைக்கு அடிமையான இளைஞர்களுக்கான இலவச மருத்துவமனையில் தொண்டு செய்தார். அங்கே மிகுந்த ஈடுபாட்டோடு சேர்ந்தவர்கள் ஓரிரு ஆண்டுகளில் வெறுமையாகிப் போவதைப் பார்த்தார். தலைவலி, தூக்கமின்மை, சின்ன விஷயத்துக்கும் கோபம், நோயாளிகள் மீதே எரிச்சல். அவருக்கும் அது நேர்ந்தது. 1974இல் அவர் எழுதிய கட்டுரைதான் 'பர்ன் அவுட்' என்று உலகம் அழைக்கும் பணிச்சோர்வை அறிவியல் விவாதத்துக்குள் கொண்டுவந்தது.

அதற்கு ஓர் அளவுகோல் தந்தவர் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டினா மஸ்லாக். சூசன் ஜாக்சனோடு சேர்ந்து 1981இல் அவர் வெளியிட்ட 22 கேள்விகள் கொண்ட பட்டியல் மூன்று விஷயங்களை அளக்கிறது. முதலாவது, உணர்ச்சி வற்றிப்போவது: காலையில் எழும்போதே இன்னொரு நாளைச் சந்திக்கத் தெம்பில்லை. இரண்டாவது, நோயாளியை மனிதராகப் பார்க்க முடியாமல் போவது: 'ஏழாம் பெட் அப்பெண்டிக்ஸ்' என்பதற்கு மேல் அவருக்குப் பெயரோ முகமோ இல்லை. மூன்றாவது, செய்யும் வேலையால் எந்தப் பயனும் இல்லை என்ற எண்ணம். மூன்றில் இரண்டாவதுதான் வெளியில் இருப்பவர்களால் மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. சிடுசிடுப்பான நர்ஸ், முகம் பார்க்காத டாக்டர் என்று நாம் குறை சொல்லும்போது, பல நேரங்களில் நாம் பார்ப்பது அவர்களுடைய குணத்தை அல்ல, மேலும் வலியை உள்வாங்க முடியாமல் தன்னை மூடிக்கொண்ட ஒரு மனத்தை.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் பணிச்சோர்வு ஒரு நோயாக வைக்கப்படவில்லை. சமாளிக்கப்படாத பணியிட அழுத்தத்தால் விளையும் தொழில்சார் நிலை என்றே அது வரையறுக்கப்பட்டது. இது முக்கியமான தீர்ப்பு. காரணத்தை ஆளிடம் தேடாதே, வேலையிடத்தில் தேடு என்கிறது அந்த வரையறை.

ஸ்ரீஜன் சென் என்ற மனநல ஆய்வாளரின் குழு அப்படித்தான் தேடியது. 13 அமெரிக்க மருத்துவமனைகளில் பயிற்சியில் சேரவிருந்த 740 இளம் மருத்துவர்களை, சேர்வதற்கு முன்பிருந்தே பின்தொடர்ந்தார்கள். சேர்வதற்கு முன் மனச்சோர்வு நோயின் அளவுகோலைத் தொட்டவர்கள் 3.9 சதவீதம். பயிற்சி ஆண்டுக்குள் சராசரியாக 25.7 சதவீதம். அதே ஆட்கள்தான், மாறியது அவர்களுடைய வேலை. பிறகு 17,000க்கும் மேற்பட்ட பயிற்சி மருத்துவர்களிடம் நடத்தி 2022இல் வெளியான ஆய்வில் இன்னும் தெளிவான படம் கிடைத்தது. வாரத்துக்கு 40 முதல் 45 மணி நேரம் வேலை செய்தவர்களோடு ஒப்பிட்டால், 90 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தவர்களிடம் மனச்சோர்வு அறிகுறிகளின் உயர்வு ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது. மருந்தின் அளவு கூடக்கூட விளைவு கூடுவதுபோல, வேலை நேரம் கூடக்கூட மனம் சரிந்தது.

அந்த நீண்ட நேரத்தை வகுத்தவர்

பயிற்சி மருத்துவர் மருத்துவமனையிலேயே கிடக்க வேண்டும் என்ற வழக்கம் எங்கிருந்து வந்தது? அதன் மூலவர்களில் முக்கியமானவர் வில்லியம் ஹால்ஸ்டெட். 1889இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அறுவைசிகிச்சைத் துறையை நடத்தியவர், ரப்பர் கையுறையை அறுவை அரங்குக்குக் கொண்டுவந்தவர். இளம் மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் மருத்துவமனை வளாகத்திலேயே தங்கி, இரவு பகல் பாராமல் வேலை செய்து, படிப்படியாகப் பொறுப்பேற்கும் பயிற்சி முறையை அவர் அங்கே உருவாக்கினார். உலகின் பல நாடுகள் அந்த அச்சைப் பின்பற்றின.

ஆனால் ஹால்ஸ்டெட்டே நோயாளியாக இருந்தார். 1884இல் கோகெய்ன் உடலை மரத்துப்போக வைக்கும் என்ற செய்தி வந்ததும், அதை நரம்பருகே செலுத்தி வலியில்லாமல் அறுவை செய்ய முடியுமா என்று தன் மீதும் சக மருத்துவர்கள் மீதும் சோதித்துப் பார்த்தார். முறை வென்றது. அவரோ கோகெய்னுக்கு அடிமையானார். மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பிறகு மார்ஃபின் பழக்கம் ஒட்டிக்கொண்டது. அவருடைய நண்பரும் புகழ்பெற்ற மருத்துவருமான வில்லியம் ஆஸ்லர் இதைக் குறித்து வைத்த ரகசியப் பதிவு 1969இல்தான் வெளியே வந்தது. ஓய்வே தேவையில்லாத மருத்துவர் என்ற இலட்சியத்தை உலகுக்குக் கொடுத்த மனிதர், அந்த நாட்களை எந்த நிலையில் கடந்தார் என்பது அவரைப் பின்பற்றிய தலைமுறைகளுக்குத் தெரியாது.

ஓய்வில்லாத உடல் என்ன செய்யும் என்பதை 1997இல் ட்ரூ டாசனும் காத்ரின் ரீடும் எளிய சோதனையில் காட்டினார்கள். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கை-கண் ஒருங்கிணைப்பு, ரத்தத்தில் 0.05 சதவீத மது உள்ளவரின் அளவுக்குத் தாழ்ந்தது. 24 மணி நேரம் விழித்திருந்தால் அது ஏறக்குறைய 0.10 சதவீதத்துக்குச் சமம். இந்தியாவில் 0.03 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி ஓட்டுவது குற்றம். ஸ்கூட்டர் ஓட்டத் தகுதியில்லாத நிலைக்குச் சமமான களைப்பில் ஒருவரைக் கத்தி பிடிக்கச் சொல்கிறோம்.

பாஸ்டனில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட தொடர் டூட்டியை நீக்கிய அட்டவணையையும் பழைய அட்டவணையையும் ஒப்பிட்டார்கள். 2004இல் முடிவு வெளியானது: பழைய முறையில் பயிற்சி மருத்துவர்கள் செய்த கடுமையான தவறுகள் 36 சதவீதம் அதிகம். அடுத்த ஆண்டு வந்த இன்னொரு ஆய்வு, நீண்ட டூட்டி முடித்து வீட்டுக்குக் காரோட்டும் பயிற்சி மருத்துவர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு இரு மடங்குக்கும் மேல் என்று காட்டியது. நியூயார்க் மாநிலம் 1989இலேயே வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. 2003இல் அமெரிக்கா முழுவதும் அது விதியானது. ஐரோப்பிய ஒன்றியம் 2009இலிருந்து பயிற்சி மருத்துவர்களுக்கும் 48 மணி நேர வரம்பைக் கொண்டுவந்தது. நேரத்தைக் குறைத்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது என்பதும் பிந்தைய ஆய்வுகளில் தெரிந்தது. ஒரு ஷிஃப்ட்டிலிருந்து அடுத்த ஷிஃப்ட்டுக்கு நோயாளியை ஒப்படைக்கும்போது தகவல் விட்டுப்போகக் கூடாது. அதே வேலையைக் குறைந்த நேரத்தில் திணிக்கவும் கூடாது. ஆட்கள் வேண்டும்.

ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளி

ஆட்கள் என்றதும் முதலில் பார்க்க வேண்டியது செவிலியர்களை. பணிச்சோர்வு பற்றிய பேச்சு பெரும்பாலும் டாக்டர்களோடு நின்றுவிடுகிறது. ஆனால் இரவில் நோயாளியின் அருகில் இருப்பவர் ஸ்டாஃப் நர்ஸ்தான். பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களையும், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைசிகிச்சை நோயாளிகளையும் லிண்டா அய்க்கனின் குழு ஆராய்ந்தது. 2002இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால் அவருக்குப் பணிச்சோர்வு வரும் வாய்ப்பு 23 சதவீதம் கூடுகிறது. நோயாளி 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. இரண்டு எண்களும் ஒரே காரணத்திலிருந்து வருகின்றன. பராமரிப்பவரின் மனநலமும் நோயாளியின் உயிரும் தனித்தனிக் கணக்குகள் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

கலிஃபோர்னியா இதைச் சட்டமாக்கியது. 1999இல் நிறைவேறி 2004இல் நடைமுறைக்கு வந்த விதி, ஒவ்வொரு வகை வார்டிலும் ஒரு செவிலியர் அதிகபட்சம் எத்தனை பேரைப் பார்க்கலாம் என்று எண்ணாலேயே வரம்பிடுகிறது. பொது மருத்துவ, அறுவைசிகிச்சை வார்டுகளில் அந்த எண் 5. தியானம் செய்யுங்கள், நடைப்பயிற்சி போங்கள் என்று சுற்றறிக்கை அனுப்புவதைவிட இந்த ஓர் எண் கனமானது.

ஏன் ஒளிக்கிறார்கள்

மருத்துவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகக் குடிப்பவர்கள் என்று ஆய்வுகள் சொல்லவில்லை. குடி நோயாக மாறும்போது அதை ஒளித்துவைப்பதில்தான் அவர்கள் தேர்ந்தவர்களாக இருக்கிறார்கள். ஸ்மித் பகலில் கை நடுக்கத்தை அடக்க அமைதியூட்டும் மருந்துகளை விழுங்கிவிட்டு, மாலை ஆன பிறகே பாட்டிலைத் திறந்தார். ஆண்டுக்கணக்கில் அவர் தொழில் ஓடியது. மருத்துவரின் குடும்பம் முதலில் சிதையும், பிறகு நட்பு, பிறகு பணம், உடல்நலம். கடைசியில்தான் வேலையில் தெரியும். மருத்துவமனையில் யாராவது கவனிக்கும்போது நோய் முற்றியிருக்கும்.

2012இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்க அறுவைசிகிச்சை மருத்துவர்கள் 7,197 பேர் மதுப் பழக்கம் பற்றிய கேள்விகளுக்குப் பெயர் தெரிவிக்காமல் பதில் சொன்னார்கள். 15.4 சதவீதம் பேரின் பதில்கள் மது துர்ப்பயன்பாட்டையோ அடிமைத்தனத்தையோ சுட்டின. ஆண்களில் 13.9, பெண்களில் 25.6. பெண்ணுடலில் அதே அளவு மது ரத்தத்தில் அதிக செறிவை உண்டாக்குவதால் பெண்களுக்கான அளவுகோல் சற்றுத் தாழ்வாக வைக்கப்பட்டிருந்தது என்பதையும், கேட்கப்பட்டவர்களில் 29 சதவீதம் பேர்தான் பதில் சொன்னார்கள் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படி எடுத்துக்கொண்டாலும் ஒரு தொடர்பு நிற்கிறது. பணிச்சோர்வும் மனச்சோர்வும் உள்ளவர்களிடம் மதுப் பிரச்சினை அதிகம். அண்மை மூன்று மாதத்தில் பெரிய தவறு செய்துவிட்டதாகச் சொன்னவர்களிடமும் அதிகம்.

தவறு நேர்ந்தால் பாதிக்கப்படும் முதல் ஆள் நோயாளி. அந்தத் தவறைச் செய்தவர் இரண்டாவது ஆள் என்று 2000இல் ஆல்பர்ட் வூ எழுதினார். தவறு செய்தவரால் அதைப் பற்றிப் பேச முடியாது. பேசினால் வழக்கு, விசாரணை, அவமானம். குடிக்கிறேன், தூங்க முடியவில்லை, உயிர் வாழவே பிடிக்கவில்லை என்று சொன்னால் உரிமம் போகும் என்ற பயம் அதைவிடப் பெரியது. அமெரிக்காவில் பல மாநில மருத்துவக் கவுன்சில்கள் உரிமம் தரும் படிவத்திலேயே, எப்போதாவது மனநல சிகிச்சை எடுத்தீர்களா என்று கேட்டன. சிகிச்சை எடுத்தவருக்கு அபராதம், எடுக்காதவருக்கு விலக்கு என்பதுதான் அந்தக் கேள்வியின் நடைமுறைப் பொருள்.

2020 ஏப்ரலில் நியூயார்க் ஒரு மருத்துவரை இழந்தது. அவசர சிகிச்சைப் பிரிவின் தலைவராக இருந்த லோர்னா பிரீன், கொரோனாவின் முதல் அலையில் தானும் தொற்றுக்கு ஆளாகி, முழுதாகத் தேறும் முன் வேலைக்குத் திரும்பி, நிலைகுலைந்து, தற்கொலையால் இறந்தார். மனநல சிகிச்சை எடுத்தது தெரிந்தால் தொழில் போய்விடும் என்று அவர் அஞ்சியதாகக் குடும்பத்தார் வெளிப்படையாகச் சொன்னார்கள். அவர்களுடைய முயற்சியால் 2022 மார்ச்சில் அவர் பெயரிலேயே, மருத்துவப் பணியாளர்களின் மனநலத்துக்கு நிதி ஒதுக்கும் கூட்டாட்சிச் சட்டம் நிறைவேறியது. உரிமப் படிவத்தின் கேள்விகளும் மாநிலம் மாநிலமாக மாறிவருகின்றன. இப்போது கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: பாதுகாப்பாக வேலை செய்ய முடியாத குறைபாடு தற்போது உங்களுக்கு இருக்கிறதா?

மீண்டவர்களின் கணக்கு

குடிநோயாளியை மருத்துவமனைகள் சேர்த்துக்கொள்ள மறுத்த காலத்தில், ஆக்ரனின் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் சேர்க்கைப் பிரிவைக் கவனித்தவர் சிஸ்டர் இக்னேஷியா. இசை ஆசிரியையாக இருந்து, பணிச் சுமையால் நரம்புத் தளர்ச்சிக்கு ஆளாகி, மருத்துவமனைக்கு மாற்றப்பட்ட கன்னியாஸ்திரி அவர். 1939 ஆகஸ்டில் ஸ்மித் அழைத்துவந்த ஒரு குடிநோயாளியை 'இரைப்பை அழற்சி' என்று பதிவு செய்து, பூக்களை வைக்கும் சின்ன அறையில் கட்டில் போட்டுப் படுக்கவைத்தார். அங்கிருந்து தொடங்கி, ஸ்மித் இறக்கும்வரை இருவரும் சேர்ந்து ஏறக்குறைய 5,000 குடிநோயாளிகளைக் கவனித்ததாக அவர்கள் இயக்கத்தின் வரலாறு சொல்கிறது. ஒருவர் குடியிலிருந்து மீண்ட டாக்டர். மற்றவர் தளர்ச்சியிலிருந்து மீண்ட பணியாளர். தங்கள் நோயை அவர்கள் மறைத்திருந்தால் இந்த வேலை நடந்திருக்காது.

மருத்துவர்களுக்கென்றே முறையான ஏற்பாடு வரப் பல ஆண்டுகள் ஆயின. 1973இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் மனநலக் குழு, நோயுற்ற மருத்துவர்களைப் பற்றி வெளிப்படையாக ஓர் அறிக்கை வெளியிட்டது. அதையடுத்து மாநிலம்தோறும் மருத்துவர் நலத் திட்டங்கள் முளைத்தன. அவை இயங்கும் விதம் இதுதான். குடிக்கு அடிமையான மருத்துவர் தானாகவோ சக மருத்துவர் சொல்லியோ வருகிறார். பெரும்பாலும் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார். முதலில் சில வாரங்கள் முதல் மூன்று மாதம் வரை தீவிர சிகிச்சை. பிறகு மறுபடி வேலை, கூடவே கண்காணிப்பு: எந்த நாள் என்று தெரியாமல் அழைத்துச் சிறுநீர்ப் பரிசோதனை, மீண்டுவரும் மற்ற மருத்துவர்களோடு குழுக் கூட்டம், பணியிடத்தில் ஒரு பொறுப்பாளர். ஒப்பந்தத்தைக் காக்கும்வரை பல மாநிலங்களில் கவுன்சிலுக்குத் தகவல் போகாது.

16 மாநிலங்களில் இப்படிச் சேர்ந்த 904 மருத்துவர்களைத் தொடர்ந்த ஆய்வு 2008இல் வந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதன்மைப் பிரச்சினை மது. ஐந்தாண்டு முடிவில் 78 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் உரிமத்தோடு வேலையில் இருந்தார்கள். ஒப்பந்தத்தை முடித்தவர்களில் ஐந்தில் நான்கு பேரின் பரிசோதனையில் ஐந்தாண்டுகளும் ஒருமுறைகூட மதுவோ போதையோ தென்படவில்லை. போதை சிகிச்சைத் துறையில் இவ்வளவு நல்ல முடிவுகள் அரிது. மருத்துவர்களுக்கு இழக்க நிறைய இருக்கிறது, செலவு செய்ய வசதியும் இருக்கிறது என்பதால் இந்த எண்ணிக்கையை எல்லோருக்கும் பொருத்த முடியாது. சில மாநிலங்களில் திட்டங்கள் கட்டாயப்படுத்துவதாகவும் கட்டணம் அதிகம் என்றும் குறைகள் எழுந்திருக்கின்றன. ஆனாலும் அடிப்படைப் பாடம் உறுதியானது. நீண்டகால சிகிச்சை, திட்டவட்டமான கண்காணிப்பு, வேலைக்குத் திரும்பும் நம்பிக்கை ஆகிய மூன்றும் சேர்ந்தால் பெரும்பான்மையோர் மீள்கிறார்கள். பிரிட்டனில் கிளேர் ஜெராடா 2008இல் தொடங்கிய திட்டம், மருத்துவர்கள் யாருடைய பரிந்துரையும் இல்லாமல் தாங்களே ரகசியமாக வந்து சேர வழி செய்தது.

நம் வார்டுகளுக்கு என்ன தேவை

இந்தியாவில் விதி இல்லாமல் இல்லை. 1992இல் மத்திய அரசு அனுப்பிய உத்தரவின்படி இளநிலை உறைவிட மருத்துவர் ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. வாரத்துக்குச் சாதாரணமாக 48 மணி நேரம். ஆனால் 36 மணி நேரத் தொடர் டூட்டி என்பது நம் மருத்துவக் கல்லூரிகளுக்குப் புதிதல்ல. 2023இல் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட முதுநிலைக் கல்வி விதிகள் 'நியாயமான வேலை நேரம்' என்கின்றன, எண் சொல்லவில்லை. அந்த ஆணையத்தின் பணிக்குழு 2024இல் தந்த அறிக்கைக்காக நடந்த இணையவழிக் கணக்கெடுப்பில், 25,590 எம்.பி.பி.எஸ். மாணவர்களில் 27.8 சதவீதமும் 5,337 முதுநிலை மாணவர்களில் 15.3 சதவீதமும் தங்களுக்கு மனநலப் பிரச்சினை இருப்பதாகச் சொன்னார்கள். வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஒரு நாள் விடுப்பு கட்டாயம் என்று குழு பரிந்துரைத்தது. பரிந்துரை டூட்டிப் பட்டியலில் ஏறினால்தான் அதற்கு உயிர்.

சக மருத்துவர் மீது மது வாசம் அடிக்கிறது, அல்லது ஒரு ஸ்டாஃப் நர்ஸ் மாதக்கணக்கில் யாரோடும் பேசாமல் டூட்டி முடிந்ததும் ஓடிவிடுகிறார் என்றால் என்ன செய்வது? இப்போது இருக்கும் வழிகள் இரண்டு: மூடிமறைப்பது, அல்லது மேலதிகாரியிடம் மாட்டிவிடுவது. கூட வேலை செய்பவர்கள் முதல் வழியைத் தேர்ந்தெடுப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அன்பு நோயை முற்றவைக்கிறது. மூன்றாவது வழியை நிர்வாகமும் கவுன்சிலும் கட்டித்தர வேண்டும். வேலை செய்யும் மருத்துவமனைக்கு வெளியே, வேறு ஊரில்கூட, ரகசியமாகப் போய்ச் சேரக்கூடிய சிகிச்சை வேண்டும். அன்றைய டூட்டியிலிருந்து அவரை விலக்கி நோயாளியைக் காக்கவும், குணமானதும் அவரைத் திரும்ப அழைக்கவும் எழுதப்பட்ட நடைமுறை வேண்டும்.

தனிமையில் தவிப்பவர் இன்றே பேசலாம். 14416 என்ற டெலி மானஸ் எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. தமிழிலும் பேசலாம், கட்டணம் கிடையாது. தினமும் குடிப்பவர் தானாக நிறுத்த முயலாமல் ஒரு மனநல மருத்துவரையோ குடிநோய் சிகிச்சை மையத்தையோ அணுக வேண்டும்.

வாரத்துக்கு இத்தனை மணி நேரம், ஒரு செவிலியருக்கு இத்தனை நோயாளி, சிகிச்சைக்கு வருபவரின் உரிமத்துக்கு இந்தப் பாதுகாப்பு. மூன்றையும் எண்ணாகவும் எழுத்தாகவும் நாம் கேட்க வேண்டும்; நோயாளிகளாகிய நமக்கும் அதைக் கேட்கும் உரிமை இருக்கிறது. இவற்றுக்காகப் புது மருந்து எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. காலியிடங்களில் ஆட்களை நியமிக்க வேண்டும், விதியை எழுத வேண்டும், எழுதிய விதியை இரவு டூட்டியிலும் நடத்திக்காட்ட வேண்டும்.